அந்த மூவர்

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றித் தமிழில் வெளிவந்த எழுத்துகளை ஓரிடத்தில் அடுக்கினால் ஓர் அலமாரி நிறைந்துவிடும். தொடர் கட்டுரைகள், நினைவுக் குறிப்புகள், திரைப்பட வரலாறுகள், மேடைப் பேச்சுகள் என எத்தனையோ வந்துவிட்டன. இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தியாகராஜ பாகவதரின் பட்டுச் சட்டையில் தொடங்கும். அவர் தங்கத் தட்டில் உண்டதாகச் சொல்லப்படும் கதை வரும். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்ற பெருமை வரும். பின்னர் சிறை, வீழ்ச்சி, வறுமை. இறுதியில் 'விதி' என்ற ஒரு சொல்லோடு எழுத்தாளர் பேனாவை மூடிவிடுவார். படிப்பவரும் பெருமூச்சு விட்டு இதழை மடித்து வைப்பார்.

இவ்வெழுத்துகளின் மீது நமக்குள்ள குறை ஒன்றே. விதி என்று இவர்கள் சொல்லுமிடத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேர். அவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று ஏன் எவருக்கும் தோன்றவில்லை?

வழக்கின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். 'சினிமா தூது' என்றும் பின்னர் 'இந்து நேசன்' என்றும் மஞ்சள் பத்திரிகை நடத்தித் திரையுலகினரின் அந்தரங்கங்களைக் கடைவிரித்தவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் சதிக் குற்றம் சாட்டப்பெற்றனர். சென்னை உயர் நீதிமன்ற செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளோடு விசாரணை நடந்தது. எதிர்வாதிகளுக்காகத் தோன்றிய வழக்கறிஞர்களுள், தம் பெயரின் முன்னெழுத்திலேயே நம் வேலூரைச் சுமந்தவரான வி. எல். எத்திராஜ் அவர்களும் ஒருவர். 1945 மே 3ஆம் நாள் முடிவு வந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்று ஜூரியில் ஆறு பேர் கூறினர், மூவர் மறுத்தனர். தீர்ப்பு ஆயுள் தண்டனை.

இந்த ஆறுக்கு மூன்று என்ற கணக்கில்தான் நாம் சற்றே நிற்க வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி உயர் நீதிமன்ற ஜூரியில் ஒன்பது பேர். ஒன்பதின்மரும் ஒருமித்தால் தீர்ப்பு அதன்படியே. ஒருமிக்காவிட்டால், குறைந்தது ஆறு பேர் ஒரு பக்கம் நின்று நீதிபதியும் அவர்களோடு உடன்பட வேண்டும். ஐந்துக்கு நான்கு என்றால் செல்லாது. ஆகவே சட்டம் கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவோ, அதுவே பாகவதர் வழக்கில் கிடைத்தது. ஒரு தலை கூடுதலாகக்கூட இல்லை. ஆறு பேரில் ஒருவர் மனம் அன்று மாலை மாறியிருந்தால், அந்தத் தீர்ப்பு அன்று எழுதப்பட்டிருக்க முடியாது. அத்தனை மெல்லிய நூலில் தொங்கிய முடிவை விதி என்று எழுதிவிட்டுப் போவது எளிது.

அடுத்து நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. உயர் நீதிமன்றத்திலேயே செய்த மேல்முறையீடு அவ்வாண்டே தள்ளுபடியாயிற்று. ஜூரி ஏற்றுக்கொண்ட சாட்சியத்தை நாம் மீண்டும் கிளறலாகாது என்ற தயக்கம் அத்தீர்ப்பில் மேலோங்கி நின்றது. இலண்டனில் பிரிவி கவுன்சில், 1943இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி, நிகழ்ச்சிகளையும் ஆராயும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, அதனை நீங்களே குறுக்கிக் கொண்டீர்கள் என்று சொல்லி வழக்கைத் திருப்பியனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகிய இருவரும் அதே சாட்சியங்களை மீண்டும் எடைபோட்டு, இவற்றை நம்பித் தண்டிக்க இயலாது என்று இருவரையும் விடுவித்தனர். (இந்த ஷஹாபுத்தீன் சாஹிப் பின்னாளில் பாகிஸ்தான் சென்று 1960இல் சில நாட்கள் அந்நாட்டின் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர்.) அதே காகிதங்கள், அதே சாட்சிகள். இரண்டாண்டு கழித்து இரு நீதிபதிகள் வந்து சேர்ந்த இடத்தில், அந்த மூன்று ஜூரர்கள் 1945ஆம் ஆண்டு மே மாதமே நின்றிருந்தார்கள்.

அந்த மூவர் யார்? என்ன தொழில் செய்தார்கள்? கதவு சாத்திய அறைக்குள் மற்ற அறுவரிடம் என்ன சொன்னார்கள்? தமிழில் நாவலாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. இந்த அறைக்குள் ஒருவர்கூட நுழையவில்லை. நம் இலக்கியத்தின் பெருங்குறை ஒன்றை இது வெளிக்காட்டுகிறது என்பது நம் எண்ணம்.

நமக்கு நீதி என்றால் ஒற்றை மனிதர். மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். வாதிகளை மடக்கும் மரியாதை ராமன். நம் சமுதாயமும் இதில் விலக்கில்லை. அலீ (ரலி) அவர்களின் கவசம் பற்றிய வழக்கில், தந்தைக்கு மகன் சொல்லும் சாட்சி செல்லாது என்று கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்த காழீ ஷுரைஹ் அவர்களைப் பற்றி வெள்ளி மேடையில் நாம் எத்தனை முறை பேசியிருப்போம்! கேட்போர் கண் கலங்குவர். ஆனால் அதே ஃபிக்ஹ் நூல்களில், சாட்சி சொல்ல வந்தவனைப் பற்றி அவன் அண்டை வீட்டாரிடம் இரகசியமாகவும் பின்னர் வெளிப்படையாகவும் விசாரித்து அறியும் 'தஸ்கியா' என்ற நடைமுறை பக்கம் பக்கமாக விளக்கப்பட்டிருக்கிறது. ஹிதாயா ஓதிய ஒவ்வொரு மாணவரும் அதைக் கடந்தே வந்திருப்பார். மேடையில் அதை எடுத்துச் சொன்னவரை நாம் கண்டதில்லை. தெருவில் உள்ள சாமானியர்களின் வாய்ச்சொல்லின் மீது காழீயின் தீர்ப்பு நிற்கிறது என்ற செய்தி, கண் கலங்க வைக்காது போலும்.

மாலிகீ மத்ஹபில் 'லஃபீஃப்' என்று பன்னிரண்டு பேர் கூடிச் சாட்சி சொல்லும் முறை இருந்தது. ஆங்கிலேயரின் ஜூரி அதிலிருந்து பிறந்தது என்று 1999இல் மக்தீசி என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். அதைக் கேள்விப்பட்டு 'ஜூரியே நம்மிடமிருந்து போனதுதான்' என்று முழங்குவோர் நம்மிடையே உண்டு. முழங்குவதற்கு முன் சற்றுப் பொறுக்க வேண்டும். லஃபீஃப் கூட்டத்தார் தாம் அறிந்ததைச் சொல்லும் சாட்சிகள். இன்றைய ஜூரர் தாம் அறியாததைக் கேட்டு முடிவு செய்பவர். தொடக்க கால ஆங்கில ஜூரர்களும் விஷயமறிந்த அண்டை வீட்டாராகவே இருந்தனர் என்பதால் ஒப்புமைக்கு இடமுண்டு. வாரிசுரிமை கொண்டாட இடமில்லை.

தமிழிலக்கியத்தில் பலர் கூடி நியாயம் தீர்த்த காட்சியே இல்லையா என்றால், உண்டு. பெரிய புராணத்தில் சுந்தரரின் மண மேடையில் ஒரு முதியவர் வந்து, 'இவன் எனக்கு அடிமை' என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சேக்கிழார் ஈண்டுக் காட்டும் நிதானம் வியப்புக்குரியது. வழக்கு தொடுத்தவர் இறைவனே என்பது அவருக்கும் அவர் வாசகர்க்கும் நம்பிக்கை. ஆயினும் சபையார் அம்முதியவரின் தோற்றத்துக்கோ சொல்லுக்கோ மயங்குவதில்லை. வழக்காறா, ஆவணமா, கண்டவர் சாட்சியா, எதைக் கொண்டு நிறுவுவாய் என்று கேட்கிறார்கள். கிழிந்தது படி, மூலம் என்னிடம் உளது என்று அவர் எடுத்துக் கொடுக்க, சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை அவரெழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொல்கிறார்கள். புராணத்தை நம்பாதவரும் அந்தச் சபையின் முறையை மதிக்காமல் இருக்க முடியாது.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான் என்பதும், கண்ணகி வழக்குரைத்தாள் என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் ஆணைக்கும் கொலைக்கும் நடுவே இளங்கோ வைத்திருக்கும் சிறு காட்சியை நம் பேச்சாளர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். 'இவனுடைய இலக்கணம் கொலைக்குரியவன் போல் இல்லையே' என்ற ஐயம் அவர்கள் வாயிலேயே பிறக்கிறது. காப்பியம் முழுவதிலும் கோவலனுக்குக் கிடைத்த ஒரே விசாரணை அதுதான். உடனே பொற்கொல்லன் சிரிக்கிறான். களவு நூல் பேசத் தொடங்குகிறான். கள்வர் மந்திரம் அறிவர், மருந்து அறிவர், நிமித்தம் அறிவர் என்று அடுக்குகிறான். அவன் சொன்னதில் கோவலனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! கள்வர் என்ற இனத்தைப் பற்றிய பேச்சு அத்தனையும். அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். ஐயம் கரைந்துகொண்டிருக்கும்போதே, கல்வியறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஜூரி முறையைக் குறை கூறுவோர் கூறுவதெல்லாம் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. அதனை ஆதரிப்போர் கூறுவதும் இதிலேயே அடங்குகிறது. சாமானியர் கூட்டத்துக்குச் சரியான ஐயம் முதலில் தோன்றும். நாவன்மை உடையவன் ஒருவன் வந்து, குற்றம் சாட்டப்பட்டவனை விட்டுவிட்டு அவனைப் போன்றோரைப் பற்றிப் பேசினால் அந்த ஐயம் கலைந்துவிடும்.

இந்தியாவில் ஜூரியின் வாழ்வு தொடக்கத்திலிருந்தே கோணலானது. வெள்ளையன் குற்றவாளிக் கூண்டில் நின்றால் ஜூரியில் பாதிப்பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை, இல்பர்ட் மசோதாக் கிளர்ச்சிக்குப் பின் 1884இல் அவர்கள் வாங்கிக் கொண்டனர். மாவட்டங்களில் வாழ்ந்த நம்மவருக்குக் கொலை வழக்கென்றால் பெரும்பாலும் 'அசெசர்' என்ற பெயரில் இரண்டு மூன்று பேர் உட்காருவர். அவர்கள் சொல் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பொம்மை ஏற்பாடு 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது.

கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்குதான் ஜூரியைக் கொன்றது என்று பலரும் எழுதுகிறார்கள். 1959 ஏப்ரலில் பம்பாயில் தம் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற அவரை, ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றது; செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்; அங்கே தண்டிக்கப்பட்டார்; 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்திரிகை ஒன்று அவரை வீரராக்கித் தெருவெங்கும் முழங்கியதும் உண்மையே. ஆயினும் ஜூரியை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில் பரிந்துரைத்தது 1958இல். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே. மரண சாசனம் எழுதிய பின்னர் வந்த நோய் அது. 1973ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது ஜூரிக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டில் அதற்காக அழுதவரை நாம் அறியோம்.

சிங்கப்பூரில் கதை வேறு விதம். நம் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் அங்கே உறவினர் இல்லாத வீடு குறைவு என்பதால் இதனைச் சொல்கிறோம். மரியா ஹெர்டோக் என்ற சிறுமியை முன்னிட்டு 1950 டிசம்பரில் அங்கே கலவரம் மூண்டது. அதில் நிகழ்ந்த கொலைக்காகக் குற்றம் சாட்டப்பெற்ற முஸ்லிம்கள் நால்வருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. இருளில் ஆளடையாளம் காண முடியுமா என்ற கேள்வியைக் கொண்டே அவர் ஜூரியின் மனத்தைக் கரைத்தார்; கொலைக் குற்றத்திலிருந்து அவர்கள் தப்பினர். வென்ற வழக்கறிஞருக்கு மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை எளிதில் கரையும் ஜூரியின் மீது அவநம்பிக்கை வந்தது. பிரதமரான பின் 1969இல் ஜூரி முறையை முற்றும் ஒழித்தார். டேவிட் மார்ஷல் என்ற பெரும் வழக்கறிஞர் எதிர்த்து நின்றும் பயனில்லை. இருளில் ஆளடையாளம் காண்பது கடினம் என்று அந்த ஜூரி நினைத்தது தவறா? லீ அவர்கள் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. தாம் சாமர்த்தியசாலி என்பதால் அவர்கள் ஏமாந்தார்கள் என்று கொண்டுவிட்டார். அது ஒரு வழக்கறிஞரின் செருக்கு என்றே நமக்குப் படுகிறது.

ஆனால் இலங்கையைப் பார்க்கும்போது ஜூரிக்காகப் பேச வந்த நாவும் தடுமாறுகிறது. 1811இல் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் அங்கே உள்நாட்டு மக்களுக்கும் ஜூரி உரிமை தந்தார். அவரவர் சமூகத்தாரே அவரவரை விசாரிப்பர் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. இன்றும் அங்கே ஜூரியில் எழுவர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எந்த மொழி ஜூரி வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் தன்னைப் புரிந்துகொள்வோரிடம் நிற்க வேண்டும் அல்லவா? ஆனால் கொல்லப்பட்டவன் வேறு மொழிக்காரனாக இருந்தால்?

1996 பிப்ரவரி 11ஆம் நாள் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர், பெண்களும் பிள்ளைகளுமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 2016 ஜூலையில் அங்குள்ள ஜூரி முன்னாள் இராணுவத்தினர் அறுவரையும் விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில் சிங்கள ஜூரி ஐவரை விடுவித்தது. அப்படிப்பட்ட ஜூரி வேண்டாம் என்று ரவிராஜின் குடும்பத்தார் தரப்பில் எழுப்பிய ஆட்சேபம் எடுபடவில்லை. சாட்சியங்கள் போதுமானவையா என்பதை நாம் இங்கிருந்து தீர்மானிக்க இயலாது. அத்தீர்ப்புகளை நம்ப இலங்கைத் தமிழர் ஒருவராலும் முடியவில்லை என்பது மட்டும் தெரிகிறது. தீர்ப்பு சரியாகவே இருந்தாலும், அதை நம்ப வேண்டியவர்களில் ஒரு பாதி அந்த அறையில் இல்லை.

அப்படியானால் படித்த நீதிபதி ஒருவரிடமே விட்டுவிடலாமா? வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் நமக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, 1806 ஜூலை 10ஆம் நாள் எழுச்சி அடங்கியபின், அரண்மனைக்குள் ஒளிந்த சிப்பாய்களை இழுத்து வந்து விசாரணை என்ற பெயர்கூட இன்றிச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது. எஞ்சியோரை இராணுவ நீதிமன்றம் விசாரித்துப் பீரங்கி வாயில் கட்டியது. மற்றொன்று, நம் மத்திய சிறை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28ஆம் நாள் பூந்தமல்லி தடா நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தார். காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே சாட்சியாகும் என்பது தடாச் சட்டத்தின் சிறப்பு. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேரை வெளியே அனுப்பியது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள் தண்டனை என்றது. கொல்லப்பட்டவர்கள் பலர், அந்தக் குடும்பங்களின் துயரை எவரும் சிறிதாக்க முடியாது. ஆயினும் பத்தொன்பது தலைகள் ஒரு கையெழுத்தில் தொங்கிக் கொண்டிருந்த பதினைந்து மாதங்களை நாம் மறப்பதற்கில்லை. அந்த அறையில் மறுத்துச் சொல்ல மூவர் இல்லை; ஒருவர்கூட இல்லை.

பெரும்பான்மை என்ற சொல் நம் காதுக்கு இனிமையாகிவிட்டது. கடுங்குற்றங்களில் ஜூரி ஒருமித்தாலொழியத் தண்டிக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் 1967 முதல் பத்துக்கு இரண்டு வரை இடமளிக்கிறார்கள். ஆறுக்கு மூன்று என்றால் ஐயப்படுவோர் மூன்றில் ஒரு பங்கு. ஐயத்துக்கு இடமிருந்தால் கடுந்தண்டனையை விலக்குக என்று ஃபிக்ஹில் நாம் ஓதியது ஒரு காழீயின் மனத்தில் எழும் ஐயத்தைப் பற்றி. ஒன்பது மனங்களில் மூன்றில் எழுந்த ஐயத்தை என்னவென்று சொல்வது? அதைச் சிறுபான்மை என்று பெயரிட்டுத் தள்ளிவிடலாமா?

இதை இத்தனை அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சொல்லத் தயங்கியே சொல்கிறோம்.

கால் நூற்றாண்டுக்கு முன், நாம் மதரஸாவில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு மஹல்லாவில் ஐவர் கூடிய விசாரணை ஒன்றில் உட்கார்ந்தோம். ஒரு தோல் கிடங்கில் பதனிட்ட தோல் ஒரு கட்டு குறைந்தது. பத்தொன்பது வயதுப் பையன் மீது சந்தேகம். போலீசுக்குப் போனால் ஊருக்கு அவமானம் என்று இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் பக்கத்து அறையில் வைத்துப் பேசினார்கள். ஐவரில் ஒருவர் கிடங்கு முதலாளிக்கு உறவு. இருவர் அவருக்குச் சரக்குப் போடுபவர்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஒருவர் தொடங்கினார். சினிமா, சீட்டு, செலவு என்று நெடுநேரம் பேசினார். பழ வண்டி தள்ளும் பெரியவர் ஒருவரும் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றே கேட்டார்: "பாய், சரக்கு உள்ளே வந்தப்போ எண்ணினது யாரு?" எவரும் பதில் சொல்லவில்லை. அவரும் மீண்டும் கேட்கவில்லை. நான்குக்கு ஒன்று என்று முடிந்தது. அந்த நான்கில் நம் தலையும் ஒன்று. ஆலிம் என்று நம்மை அழைத்து உட்கார வைத்திருந்தார்கள். தஸ்கியாவின் பாடத்தை அந்த வாரமே மாணவர்களுக்கு நடத்தியிருந்தோம்.

பையனின் தாயார் காதில் கிடந்ததைக் கழற்றி விற்று ஈடு கட்டினார். மூன்று மாதம் கழித்து ஆண்டுக் கணக்கு முடிக்கையில், அந்தக் கட்டு வேலைக்காக வேறொரு கிடங்குக்குச் சீட்டில்லாமல் போயிருந்தது தெரிந்தது. பணத்தை முதலாளி திருப்பித் தந்துவிட்டார். அதில் அவர் குறை வைக்கவில்லை. பையன் இராணிப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான்.

பெருநாள் தொழுகையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவனைக் காண்கிறோம். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஸலாம் சொல்கிறான், நாமும் பதில் சொல்கிறோம். அந்தப் பழ வண்டிப் பெரியவரிடம், அன்று ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை என்று கேட்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். கேட்கவில்லை. அவரும் மவுத்தாகிவிட்டார்.